தேய்மானம் வேறு, பராமரிப்பு வேறு

ஆபீஸ் ஆணிகளுக்கு நடுவே இன்று ஒரு சின்னப் பாவ மன்னிப்பு.

இங்கே குலு பக்கம் குளிர் வந்தால் வீட்டுக்கு வீடு தந்தூர் எரியும். ரொட்டி சுடுவது இல்லை, அறையைச் சூடாக்கும் இரும்பு விறகடுப்பு. விறகு பிளந்து விற்க ஹைட்ராலிக் மெஷின் வேண்டும் என்று வந்த ஒருவருக்குக் கடன் கொடுத்தேன். பழைய ஆப்பிள் மரக்கட்டையை வைத்து லீவரைத் தள்ளினால் போதும், கோடாலிக்கு வேலையே இல்லை.

இரண்டாவது சீசனில் தவணை நின்றது. 90 நாள் தாண்டினால் வாராக்கடன். நேரில் போய்ப் பார்த்தேன். மெஷின் முனகியது, கட்டை பிளக்கவில்லை. டாங்கில் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தது. மழையிலும் பனியிலும் மூடாமல் நின்றதில் தண்ணீர் கலந்துவிட்டது. ஃபில்டர் மாற்றியதே இல்லை. கசிந்த சீலுக்குத் துணி சுற்றி ஓட்டியதில் ராடு முழுக்கக் கீறல். சில நூறு ரூபாயில் முடிய வேண்டியது சிலிண்டர் செலவாகிவிட்டது.

ஹோஸில் எங்கே கசிகிறது என்று காட்ட, இன்ஜின் ஓடும்போதே அவர் மகன் விரலைக் கொண்டுபோனான். கூட வந்த மெக்கானிக் கத்திக் கையைத் தட்டிவிட்டார். பைக் டயரில் இருப்பது 2 பார் சொச்சம் அழுத்தம். இதில் 200 பார் வரை போகும். ஊசித் துளையில் வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் விரலே போகலாம். கசிவு பார்க்க அட்டைத்துண்டு போதும். ஹோஸைக் கழற்றும் முன் இன்ஜினை நிறுத்தி, லீவரை இருபக்கமும் அசைத்து அழுத்தத்தை இறக்க வேண்டும்.

"ஏன் பாய் சர்வீஸ் பண்ணலை?" என்றேன்.

"அதுக்கு எங்கே சாப் பணம் வெச்சீங்க?"

சுருக்கென்றது. அவர் கொடுத்த திட்ட அறிக்கையில் பராமரிப்புக்கு ஒரு வரி இருந்தது. லாபம் கூடுதலாகத் தெரிந்தால் கடன் சுலபமாகப் பாஸாகும் என்று அதை வெட்டியவன் நான்தான். 15 சதவீதம் தேய்மானம் போட்டிருக்கிறோமே என்று சமாதானம் வேறு. பி.காம். படித்தவனுக்கு இது தெரிய வேண்டாமா? தேய்மானம் புத்தகத்தில் எழுதும் எண். அது ஆயில் வாங்கித் தராது.

பராமரிப்பைச் சேர்த்தால் செலவு கூடும், பல கடன்கள் பாஸாகாது என்பார்கள் சக அதிகாரிகள். ஆயில் மாற்றக்கூட மிஞ்சாத தொழிலுக்குக் கடன் கொடுப்பது உதவியா? அவனைக் குழியில் தள்ளுவது அல்லவா? என் கட்சி இதுதான்: ஆயில், ஃபில்டர், சீல், ஒரு தார்ப்பாய், எத்தனை மணி நேரம் ஓடியது என்று குறிக்க ஒரு நோட்டு, இவ்வளவும் திட்ட அறிக்கையிலேயே வர வேண்டும். சீசன் பணத்தில் கொஞ்சம் ரெக்கரிங் டெபாசிட்டுக்குப் போக வேண்டும்.

மெஷின் இப்போது ஓடுகிறது. கணக்கு இன்னும் தள்ளாடுகிறது.

நமக்கு விறகு மெஷின் இல்லைதான். ஆனால் இ.எம்.ஐ. மட்டும் கட்டிவிட்டு, ஊரில் பூட்டிப் போட்டிருக்கும் நம் வீட்டு மொட்டை மாடியை யாராவது கடைசியாகப் பார்த்தது எப்போது?