முப்பத்தாறு வயசு ஃபார்வர்டும் பெஞ்சும்

பிசான அறுப்பு முடிஞ்சு வயல் காய ஆரம்பிச்சதும் எங்க பக்கம் ஹாக்கிப் பேச்சு வந்திரும். கோவில்பட்டியில லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை வரும்லா, அதையொட்டி சுத்துப்பட்டு ஊர் டீம்களும் ஆள் சேர்க்க ஆரம்பிக்கும். இந்த வருஷம் பேச்சு ஒரே ஆளைச் சுத்தித்தான். பேரு வேண்டாம். முன்வரிசை ஆட்டக்காரர், நாற்பதை நெருங்குதார். ஒருநாள் மூணு பேரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய் கோல் போட்டுட்டு வருவார். அடுத்த ரெண்டு மேட்சில் ஆள் எங்க நிக்காருன்னு தேடணும். இவரைத் திரும்பச் சேர்க்கணுமா, போதும்னு விட்டுரணுமா?

சேர்க்கணும்ங்கதுதான் என் கட்சி. ஆனா எப்படிச் சேர்க்கக் கூடாதுங்கதுக்கு 2004-ல ஒரு பாடம் இருக்கு.

தன்ராஜ் பிள்ளை புனே பக்கம் கட்கியில் பிறந்த தமிழ்க் குடும்பத்து ஆள். நாலு ஒலிம்பிக், நாலு உலகக் கோப்பை, நாலு சாம்பியன்ஸ் டிராபி, நாலு ஆசிய விளையாட்டு ஆடியவர். 1998 பாங்காக்கில் கேப்டனாக நின்னு, 32 வருஷம் கழிச்சு ஆசிய விளையாட்டுத் தங்கத்தைக் கொண்டுவந்தார். வந்த கையோட 'ஓய்வு'ன்னு பேர் சொல்லி அவரையும் இன்னும் சிலரையும் டீமை விட்டு நிறுத்தினாங்க. தங்கம் வாங்கினவனுக்கு அதுதான் மரியாதை! அப்புறம் திரும்ப வந்தார். 2002-ல் 34 வயசில், கொலோன் சாம்பியன்ஸ் டிராபியில் தொடரின் சிறந்த ஆட்டக்காரர். மறு வருஷம் கோலாலம்பூர் ஆசியக் கோப்பையை ஜெயிச்சப்போ கேப்டன் அவர்தான்.

ஏதென்ஸ் ஒலிம்பிக் வந்தப்போ வயசு 36. பழைய வேகம் இல்லை; ஒரு மேட்ச் இருந்த மாதிரி அடுத்தது இருக்காது. எடுக்கலாமா கூடாதான்னு ஊரே ரெண்டு பட்டுக் கிடந்தது. ஒலிம்பிக்குக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் கோச்சை மாத்தி, கெர்ஹார்ட் ராக் என்ற ஜெர்மனிக்காரரைக் கொண்டுவந்திருந்தாங்க. முன்வரிசையில ககன் அஜீத் சிங், தீபக் தாக்கூர், பிரப்ஜோத் சிங்னு இளசுகள். கடைசியில 16 பேரில் ஒருத்தராகத் தன்ராஜைக் கூட்டிட்டுப் போனாங்க. போய் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார வச்சாங்க. இந்தியா ஏழாம் இடம்.

எடுத்தது தப்புன்னும் நான் சொல்லலை, விட்டிருந்தா தப்புன்னும் சொல்லலை. எடுத்துட்டு என்ன செய்யன்னு தெரியாம வச்சிருந்தாங்க பாருங்க, அதுதான் எனக்குப் பொறுக்கலை. ஒரு இளம்பையனுக்கும் இடம் போச்சு, பெரிய ஆட்டக்காரனுக்கும் முகம் போச்சு.

இதுல ஹாக்கிக்குன்னு ஒரு சௌகரியம் இருக்கு. ஃபுட்பால்ல வெளிய வந்த ஆள் வெளியதான். ஹாக்கியில 1992-லருந்து எத்தனை தடவை வேணாலும் ஆளை மாத்திக்கலாம். வெளிய வந்து மூச்சு வாங்கிட்டு மறுபடியும் உள்ள போகலாம். அதனால வயசான ஃபார்வர்டை முழு ஆட்டமும் ஓட விட வேண்டிய அவசியமே கிடையாது. ஆறாறு நிமிஷமா மூணு நாலு தடவை இறக்கினாப் போதும். முன்னுக்குப் பின் முரணா ஆடுதார்னு நாம சொல்லுததுல பாதி, களைச்சுப் போன காலோட ஆட்டம்தான். எங்க ஆள்கிட்டயும் இதைப் பார்த்திருக்கேன்: அவர் தடுமாறுதது பூரா கடைசி கால் மணி நேரத்துலதான்.

பாரீஸ் 2024-ல ஸ்ரீஜேஷுக்கும் வயசு 36, அவருக்கும் அது நாலாவது ஒலிம்பிக். கோல்கீப்பருக்கு ஓட்டம் குறைவு, அதனால ஃபார்வர்டோட நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனா நடத்தின விதத்தை ஒப்பிடலாம்ல? இதுதான் கடைசித் தொடர்னு போகுறதுக்கு முன்னாடியே அவர் சொல்லிட்டார். அவருடைய வேலை என்னன்னு டீமுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். காலிறுதியில அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளிய போக, 10 பேரோட சமாளிச்சு பிரிட்டனை ஷூட் அவுட்ல 4-2ன்னு ஜெயிச்சாங்க. அப்புறம் ஸ்பெயினை 2-1ன்னு அடிச்சு வெண்கலம். ஊருக்கு வந்ததும் அவரையே ஜூனியர் டீம் கோச் ஆக்கினாங்க.

"அப்போ சின்னப் பையன்களுக்கு எப்போ அண்ணாச்சி வழி?"ன்னு கேக்காங்க. நியாயமான கேள்வி. கோவில்பட்டி விடுதியில பழகின மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூர்லருந்து அங்க வந்து பழகின கார்த்தி செல்வமும் 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில இந்தியாவுக்கு ஆடினாங்க. அந்த மாதிரி ஒருத்தன் நம்ம வாசல்ல நின்னா நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், அவனுக்குத்தான் இடம். ஆனா இப்போ எதிர்ல நிக்க பையன் வாரத்துல ரெண்டு நாள் பயிற்சிக்கு வாரான், மீதி நாள் செல்போன். அவனை 18 பேர்ல வைங்க, ஆட விடுங்க. அதுக்காகப் பெரியவரை வெட்ட வேண்டாம். பக்கத்துல நின்னு, பந்து வாரதுக்கு முன்னாடியே எங்க நகரணும்னு சொல்லிக் கொடுக்க அந்த மனுஷனை விட்டா நம்ம டீம்ல வேற ஆள் இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். வாட்ஸ்அப் குரூப்ல பட்டியலைப் போடுததுக்கு முன்னாடி கேப்டன் அவர் வீட்டுக்கு நேரா போகணும். "அண்ணே, ஒரு தடவைக்கு ஆறு நிமிஷம், பெனால்டி கார்னர்ல பந்தைத் தள்ளி விடுத வேலை உங்களுது, முதல் பதினொண்ணுல பேர் இருக்காது"ன்னு முகத்துக்கு நேரே சொல்லணும். சரின்னு ஒத்துக்கிட்டா சட்டை கொடுங்க. முழு மேட்ச் ஆடினாத்தான் வருவேன்னாரு வைங்க, அந்தச் சட்டை பையனுக்கு.