குருதியா, கேள்வியா?

குற்றப்படம் என்றால் முதற்காட்சியிலேயே குருதி கொட்ட வேண்டும், கூக்குரல் செவியைத் துளைக்க வேண்டும் என்கின்றனர் படமுதலாளிகள். மறுக்கிறோம்! அது அதிர்ச்சி, நொடியில் அடங்கிவிடும். பதற்றமோ கேள்வியிலே பிறக்கும். விடை கிடைக்கும்வரை வளரும்.

1931-இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் படைத்த ‘எம்’ சான்று பகரும். பள்ளி சென்ற சிறுமிக்காக உணவு சமைத்துக் காத்திருக்கிறாள் தாய். கடிகாரம் ஒலிக்கிறது, மகள் வரவில்லை. பெயர் சொல்லி அழைக்கிறாள். ஆளற்ற மாடிப்படி, உண்ணப்படாத தட்டு, புல்லிலே உருளும் பந்து, கம்பியில் சிக்கிய பலூன். கத்தி இல்லை, கொலைக்காட்சி இல்லை! ஆயினும் நெஞ்சம் நடுங்குகிறது. ஏன்? காட்டாததை நம் சிந்தனை காண்கிறது!

“நம் மக்களுக்கு இது விளங்குமா?” என்பர். 1954-இல் வீணைக் கலைஞர் எஸ். பாலச்சந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ ஒரே ஒரு துப்பாக்கி ஓசையோடு தொடங்கிற்றே! சிவாஜி கணேசன் ஏற்ற பாத்திரம் முதலிலேயே மாள்கிறது. பாட்டில்லை, ஆட்டமில்லை, ‘சுட்டது யார்?’ என்ற கேள்வியே படம். வசூல் அன்று வாய்க்கவில்லை, உண்மை. 70 ஆண்டு கடந்தும் பேசப்படுவது அதுவன்றோ?

மக்களைச் சிந்திக்கத் தெரியாதவர் எனக் கருதுபவனே திரையில் குருதியை இறைக்கிறான். தோழர்களே! மிரட்டும் படத்தை மறுப்போம். வினவ வைக்கும் படத்தை வரவேற்போம்!