இல்லப் பக்கம்: சாவி கைக்கு வரும் வரை

இடமாற்றம் என்பது அயல் மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிய செய்தியன்று. இரயில்வே, தபால், வங்கி, மத்திய அரசு அலுவலகம் என எத்துறையாயினும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சாமான் கட்டுவது நம்மவர்க்குப் பழகிப்போன காரியமே. எனினும் விமானப்படையில், அதிலும் வானில் பறக்கும் பணியிலிருப்போர் இல்லங்களில், இந்தச் சாமான் கட்டும் படலம் தனித்தன்மையுடையது. அவர்களுக்கு வீடு எப்படிக் கிடைக்கிறது, கிடைக்கும் வரை எப்படிக் காலந் தள்ளுகிறார்கள் என்பதைப் பக்கத்துத் தெருவில் இருக்கும் நாமே பல சமயம் அறிவதில்லை. ஆதலின் இம்மாதம் அதனையே எடுத்துக்கொள்வோம்.

பறக்கும் பணி என்றவுடன் விமானியை மட்டுமே நினைப்பது உலக வழக்கம். போர் விமானத்தில் இருப்பவர் ஒருவரோ இருவரோதான். ஆனால் ஏ.என்.-32, ஐ.எல்.-76 போன்ற சரக்கு விமானங்களில் வழி கணிக்கும் நாவிகேட்டர், இயந்திரங்களைக் கவனிக்கும் ஃப்ளைட் என்ஜினீயர் முதலியோரும் உடன் பறக்கின்றனர். இவர்களில் அதிகாரிகளும் உண்டு, ஏர்மென் என்ற நிலையில் உள்ளோரும் உண்டு. 1990-களிலிருந்து பெண் விமானிகளும் இருக்கின்றனர். 2016-ஆம் ஆண்டில் மூன்று பெண்கள் போர் விமானப் பிரிவிலேயே சேர்ந்தனர். மனைவிக்கு மாற்றல் வந்து கணவர் பெட்டி கட்டும் இல்லங்களும் இன்று உண்டு என்பதனை, இப்பக்கத்தைப் பெண்களுக்கு மட்டும் உரியதெனக் கருதும் ஆடவர்கள் கவனிப்பார்களாக!

மாற்றல் வரும் வழிகள் பல. வழக்கமான தவணை முடிந்து வருவது ஒன்று. பயிற்சியின் பொருட்டு வருவது மற்றொன்று. தாம்பரத்தில் பறத்தல் ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி இருக்கிறது. அங்கே வருவோர் ஏறக்குறைய அரை ஆண்டு தங்குவர். அரை ஆண்டுக்காகக் குடும்பத்தை அழைத்து வருவதா, வேண்டாமா என்ற வாதம் பல இல்லங்களில் நடப்பதுண்டு. தமிழ்க் குடும்பமாயின் வாதத்துக்கே இடமில்லை. தாத்தா பாட்டிகள் முன்கூட்டியே செங்கற்பட்டு வரை வந்து நின்றுவிடுவார்கள்!

மூன்றாவது வகை, ஒரு ஸ்குவாட்ரன் முழுவதுமே இடம் பெயர்வது. தேஜஸ் விமானங்களைக் கொண்ட 45-ஆவது ஸ்குவாட்ரன் 2016-இல் பெங்களூரில் அமைந்தது. 2018-இல் கோவைக்கு அருகேயுள்ள சூலூருக்கு வந்து சேர்ந்தது. 2020 ஜனவரியில் தஞ்சாவூரில் சுகோய் விமானங்களுடன் 222-ஆவது ஸ்குவாட்ரனும், அவ்வாண்டு மே மாதத்தில் சூலூரில் 18-ஆவது ஸ்குவாட்ரனும் நிலைகொண்டன. செய்தித்தாள்களில் விமானங்களின் படம் வந்தது. அவ்விமானங்களுக்குப் பின்னால் எத்தனை அடுப்புகள் இடம் பெயர்ந்தன என்பது படத்தில் வருவதில்லை. ஒரே காலத்தில் பல குடும்பங்கள் ஓரிடத்தில் வந்து இறங்கினால், இருக்கும் வீடுகள் போதுமா? அம்பாலாவிலோ ஜோத்பூரிலோ நம்மவர் படும் பாட்டினை, சூலூரிலும் தஞ்சையிலும் பஞ்சாபியும் வங்காளியும் படுகின்றனர். வடக்கே நம்மிடம் "மீன் சமைப்பீர்களா?" என்று கேட்கும் வீட்டுக்காரரும் உண்டு, நம் ஊரில் அவர்களிடம் அதனையே கேட்கும் வீட்டுக்காரரும் உண்டு.

விமானத்தளத்திற்குள் அரசு கட்டித் தந்துள்ள குடியிருப்புகள் பதவிவாரியாக வகுக்கப்பட்டவை. நிலையத்தில் வந்து சேர்ந்த நாளைக் கொண்டு பெயர் வரிசையில் ஏறும். முன்னே இருப்பவர் மாற்றலாகிச் சென்று வீடு காலியாகி, வெள்ளையடித்துப் பழுது பார்த்த பின்னரே அடுத்தவர் கையில் சாவி விழும். வீடுகளின் பற்றாக்குறையைத் தீர்க்க 2002-இல் தனித் திட்டமே தொடங்கி முப்படைகளுக்கும் புதிய அடுக்கு வீடுகள் கட்டினார்கள். ஆயினும் காத்திருத்தல் ஒழிந்தபாடில்லை. சில நிலையங்களில் சில வாரங்கள், சிலவற்றில் பல மாதங்கள். மாற்றல் உத்தரவில் சேரவேண்டிய தேதி அச்சிடப்பட்டிருக்கும். வீடு கிடைக்கும் தேதி எந்த உத்தரவிலும் இராது. இவ்விரண்டு தேதிகளுக்கும் நடுவே உள்ள காலத்தைக் கடப்பதில்தான் குடும்பத்தலைவியின் திறமை முழுவதும் செலவாகிறது.

இக்காலத்தில் வெளியே வாடகைக்கு இருந்தால் வீட்டு வாடகைப்படி உண்டு. 2024 ஜனவரி முதல் இது பெருநகரங்களில் அடிப்படைச் சம்பளத்தில் 30 விழுக்காடு, நடுத்தர நகரங்களில் 20, மற்ற ஊர்களில் 10 என்று இருக்கிறது. டில்லி, சென்னை, பெங்களூர் போன்ற எட்டு நகரங்களே முதல் வகை. பெரிய விமானத்தளங்கள் பலவோ சிறிய ஊர்களின் அருகே உள்ளன. வட வங்காளத்துத் தேயிலைத் தோட்டங்களின் நடுவே உள்ள ஹாசிமாராவில் 2021-இல் ரஃபேல் விமானங்கள் வந்தன. அத்தகைய இடத்தில் நல்ல வாடகை வீடு எத்தனை கிடைக்கும்? பத்து விழுக்காடு என்ற கணக்கு, வாடகை மலிவு என்னும் எண்ணத்தில் போடப்பட்டது. மலிவுதான்; ஆனால் வீடே இல்லாதபோது மலிவினால் ஆவதென்ன?

ஆதலின், அனுபவமுள்ள குடும்பங்கள் கைக்கொள்ளும் முறையே சிறந்ததென்பது நம் கருத்து. முதல் நாளிலேயே குடும்பத்தோடு புறப்படலாகாது. பணியிலிருப்பவர் முன்னே சென்று மெஸ்ஸிலோ தற்காலிக அறையிலோ தங்கி, வரிசையில் தமது இடம் எது, எந்த வீடு எப்போது காலியாகும் என்று விசாரித்து எழுதட்டும். பழைய நிலையத்து வீட்டைச் சில காலம் வைத்துக்கொள்ள விதிகளில் இடமுண்டு. அதற்கு உரிய காலத்தில் விண்ணப்பித்து அனுமதி பெறவேண்டும். தவறினால் வாடகை பன்மடங்காகும். ஒற்றை அறையில் இரு குழந்தைகளுடன் மூன்று மாதம் முட்டி மோதுவதைவிட, மூன்று மாதம் பிரிந்திருப்பது பல சமயம் குடும்ப அமைதிக்கு நல்லது. புதுமணத் தம்பதிகள் இதற்கு உடன்படமாட்டார்கள், உடன்படவும் வேண்டாம்.

வெளியே வீடு பார்ப்போர் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரியை வற்புறுத்திச் சேர்க்கவேண்டும்: மாற்றல் உத்தரவோ, தளத்துக்குள் வீடோ கிடைத்தால் ஒரு மாத அறிவிப்பில் காலி செய்யலாம், முன்பணம் முழுவதும் திரும்பத் தரப்படும் என்பது அது. வாய்ச்சொல்லை நம்பி வரியை விட்டவர்கள் முன்பணத்தை விட்டிருக்கிறார்கள்.

பறக்கும் பணியாளர் வீட்டுக்கு மற்றவர் வீட்டுக்கில்லாத ஒரு தேவை உண்டு; அது தூக்கம். இரவுப் பயிற்சி நடக்கும் வாரங்களில் அவர் நள்ளிரவு கடந்து வருவார். வேறு வாரங்களில் விடியுமுன் புறப்படுவார். போர் விமானிகள் முறை வைத்து ஓடுபாதையின் ஓரத்திலேயே தயார்நிலையில் இருப்பார்கள். அழைப்பு வந்த சில நிமிடங்களில் விமானம் தரையை விட்டு எழவேண்டும். முதல் நாள் உறங்காதவர் மறுநாள் பறக்கலாகாது. வீட்டில் அவர் பகலில் உறங்கினால், அந்த உறக்கம் சோம்பலன்று, பணியின் ஒரு பகுதி. ஆகவே வாடகை வீடு பார்க்கும்போது கிழக்கு வாசலா, மேற்கு வாசலா என்று பார்ப்பதோடு, பகலில் இருட்டாக்கிக்கொள்ளத் தக்க ஓர் உள்ளறை இருக்கிறதா என்றும் பாருங்கள். தளத்துக்குள் கிடைக்கும் வீட்டிலோ விமானங்களின் இரைச்சலுக்குக் குறைவிராது. அதில் ஒரு விந்தை: இரைச்சலில் யாவரும் உறங்கிவிடுவார்கள்; பறக்கும் நேரத்தில் இரைச்சல் திடீரென நின்றால்தான் வீட்டிலுள்ளோர் விழித்துக்கொள்வார்கள். காரணத்தை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

சாமான் விஷயத்துக்கு வருவோம். படைவீரர் இல்லங்களின் கறுப்புப் பெட்டிகள் பெயர் பெற்றவை. பெயரும் பதவியும் வெள்ளை எழுத்தில் எழுதப்பட்ட அப்பெட்டிகள் பிரயாணத்தின்போது பெட்டிகள். வீட்டுக்கு வந்ததும் மேலே மெத்தையும் விரிப்பும் போட்டால் திவான். பெட்டிகளுக்கு எண்ணிட்டு, ஒவ்வொன்றிலும் உள்ளவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் எண் பெட்டியில் இருக்கவேண்டியவை குக்கர், இட்லிப் பானை, ஒரு வாளி, விளக்கு, பத்து நாளைக்கு மசாலைப் பொடிகள், போர்வை. லாரி தாமதமானாலும் இந்த ஒரு பெட்டி கையோடு வந்துவிட்டால் குடும்பம் நடக்கும். மாற்றல் மானியமாகக் கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கிறது. அந்தமான் நிகோபார் போன்ற தீவுகளுக்கு முழுச் சம்பளமே உண்டு. வண்டிக்கூலி தனி. அரைக்கும் இயந்திரத்தைக் கட்டும்போது கல்லைத் தனியே எடுத்து வைக்கோலிலோ பழந்துணியிலோ சுற்றுக. கல் உடைந்தால் ஜோர்ஹாட்டில் மாற்றுக்கல் தேடி அலைவது நடவாத காரியம்.

பள்ளிக்கூடமே எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. அடிக்கடி மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர், படைவீரர் ஆகியோரின் குழந்தைகளுக்காகவே 1963-இல், இருபது ரெஜிமெண்டுப் பள்ளிகளை ஏற்று, மத்தியப் பள்ளிகள் தொடங்கின. அவையே இன்றைய கேந்திரிய வித்யாலயங்கள். முந்தைய ஏழு ஆண்டுகளில் பெற்றோருக்கு எத்தனை மாற்றல் என்பது சேர்க்கையில் கணக்கிடப்படுகிறது; மாற்றல் உத்தரவுகள் ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துக. எட்டாம் வகுப்பு வரை குழந்தையை எங்கும் அழைத்துச் செல்லலாம். அதனால் படிப்புக்கு நஷ்டமில்லை, உலக அறிவு லாபம். ஒன்பதாம் வகுப்பில் தேர்வுக் கழகத்தில் பெயர் பதிவாகிறது. பத்திலும் பன்னிரண்டிலும் பள்ளி மாறவேண்டுமாயின் கழகத்தின் அனுமதி வேண்டும். ஆதலின் ஒன்பதாம் வகுப்பில் குடும்பம் ஓரிடத்தில் நிலைகொள்வதே உத்தமம். தோய்ஸ் போலக் குடும்பம் உடன் செல்ல இயலாத நிலையங்களுக்கு மாற்றலாகிறவர்களின் குடும்பத்துக்கென்று வேறு ஊர்களில் தனிக் குடியிருப்புகள் உள்ளன. அவ்வாய்ப்பு வரும் ஆண்டும் குழந்தையின் ஒன்பதாம் வகுப்பும் ஒத்துப்போனால் நல்லூழ் என்றே கொள்ளலாம்.

தமிழ்க் கல்விக்கு இவ்வேற்பாடுகளில் இடம் சொற்பமே. டில்லிக்கு மாற்றலாகும் குடும்பங்கள், அங்கே டில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளில் தமிழைப் பாடமாகவே படிக்கலாம் என்பதை நினைவில் வைக்கவேண்டும். பிற ஊர்களில் வீட்டிலேயே கற்பிக்க வேண்டியதுதான்.

இனிச் சொல்வது மனத்துக்கு இனியதன்று. ஆயினும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தளத்து வீடு பணியோடு வருவது, பணியோடு போவது. அது அமையும் இடத்தையும் நாம் தேர்ந்தெடுப்பதில்லை. 2001 ஜனவரி 26-இல் பூஜ் பூகம்பத்திலும், 2004 டிசம்பர் 26-இல் கார் நிகோபாரை விழுங்கிய ஆழிப்பேரலையிலும், பறந்துகொண்டிருந்தோரன்றிக் குடியிருப்பில் இருந்தோரே மாண்டனர். கார் நிகோபாரில் மட்டும் வீரரும் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர். 2016 ஜூலை 22-இல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ஏ.என்.-32 விமானம் 29 பேருடன் மறைந்தது. அதன் சிதைவுகள் சென்னைக் கடற்கரைக்கு அப்பால் ஆழ்கடலில் கிடப்பதாக 2024-இல்தான் தெரியவந்தது. ஏழாண்டுக்கு மேல் செய்தியின்றியிருந்த அந்த இல்லங்களும் குவார்ட்டர்ஸ் சாவியை ஒருநாள் திருப்பித் தரவேண்டியவையே. துயருற்ற குடும்பத்துக்குச் சில காலம் இருக்க அனுமதியுண்டு. அதன்பின் எங்கே போவது?

சொந்த வீடு பற்றிய பேச்சைப் "பணி ஓய்வுக்குப் பிறகு பார்ப்போம்" என்று தள்ளுவது நம்மவர் வழக்கம். பறக்கும் பணியாளர் இல்லத்தில் அப்பேச்சு முதல் குழந்தையின் தொட்டிலோடு தொடங்கவேண்டும். விமானப்படை, கடற்படை வீரர்களுக்காக 1980-இல் ஏற்பட்ட வீட்டு வசதி வாரியம், லாப நோக்கமின்றிப் பல நகரங்களில் வீடுகள் கட்டித் தந்திருக்கிறது. நொய்டா, பெங்களூர், மும்பைப் பொவாய் ஆகிய இடங்களின் ஜல் வாயு விஹார் குடியிருப்புகள் அத்தகையவை. புதிய திட்டங்கள் அறிவிக்கப்படும்போது கவனித்திருந்து, பணியில் இருக்கும்போதே பதிவு செய்க. வீடோ மனையோ எதுவாயினும் கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கட்டும். வங்கிக் கணக்கு, காப்பீடு, சேமநிதி ஆகியவற்றில் வாரிசின் பெயர் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று இருவருமாக உட்கார்ந்து ஒரு மாலையில் சரிபாருங்கள். மணமாகுமுன் சேர்ந்தவர்களின் தாள்களில் தாயார் பெயர் மட்டுமே இருப்பதுண்டு. அதனை மாற்றாமலே பத்தாண்டு கழிந்துவிடும்.

அத்தாள்களின் நகல்களை ஒரு உறையிலிட்டு, லாரியில் ஏறும் பெட்டிகளில் வைக்காமல், கைப்பையில் வைத்துப் பிரயாணம் செய்க. மற்றொரு நகல் ஊரில் பெற்றோர் வீட்டுப் பீரோவில் இருக்கட்டும். அந்த ஒரு முகவரிதான் மாற்றலாவதில்லை.