தூக்குவாளிக்கும் டப்பாக் காசா?

சோறு கட்டும் பிளாஸ்டிக் தாளும் கைப்பையும் தமிழகத்தில் 1-1-2019 முதல் தடை செய்யப்பட்டவை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. அதைக் கேட்டுத் தூக்குவாளியோடு நம் திண்டுக்கல் கடைகளுக்குப் பிரியாணி வாங்க வருபவரிடமும் டப்பாக் காசைச் சேர்த்தே வாங்கினால், மறுநாள் அவர் ஏன் பாத்திரத்தைச் சுமப்பார்? அந்தக் காசைக் கழித்துக் கொடுப்பதே நியாயம்.

அளவிலும் அப்படித்தான். மில் வேலைக்கு மதியச் சாப்பாடு வாங்கிப் போகும் பெண்கள் அரைச் சாப்பாடு கேட்டாலும் முழுப் பார்சல்தான், மீதி குப்பைக்கு. காய்கறிக் கடையிலோ கூறு முழுதாக எடுத்தால்தான் உண்டு. இருவர் உள்ள வீட்டில் பாதிக் கத்தரிக்காய் அழுகத்தானே செய்யும்? கால் கிலோ நிறுத்துக் கொடுத்தால் தராசா தேய்ந்துவிடும்? வியாபாரம் குறையும் என்பார்கள். என் கடையில் குறையவில்லை. அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்க வேண்டுகிறேன்.