நெட்டி முறித்தால் மூட்டுவாதம் வருமா?



“விரலை முறிக்காதே, வயது போனால் கை முடங்கிவிடும்!” அக்குறணையிலும் மடவளையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் பிள்ளைகள் கேட்டு வளரும் ஏச்சு இது. ஏசுகின்ற அதே உம்மம்மாதான் பேரப்பிள்ளையின் கன்னத்தை வழித்து, தன் நெற்றிப்பொட்டில் விரல்களை மடக்கிப் படபடவென நெட்டி முறித்துக் கொஞ்சுகிறார். பிள்ளை முறித்தால் கேடு, உம்மம்மா முறித்தால் பாசமா? உண்மையைப் பார்ப்போம்.

எலும்புகள் சந்திக்கும் மூட்டுக்குள் வழுவழுப்பான திரவம் ஒன்றை அல்லாஹ் அமைத்திருக்கிறான். விரலை இழுக்கும்போது மூட்டு சற்று விலகி, திரவத்தின் அழுத்தம் குறைந்து, வாயுக்குமிழி தோன்றுகிறது. அப்போது எழுவதே அந்தச் சத்தம். கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் இதை எம்.ஆர்.ஐ. மூலம் படம்பிடித்து 2015இல் வெளியிட்டார்கள். எலும்பு உரசுவதுமில்லை, உடைவதுமில்லை. ஒருமுறை முறித்த விரல் மீண்டும் சத்தமிடச் சுமார் 20 நிமிடங்கள் செல்லும்.

அமெரிக்காவில் டொனால்ட் அங்கர் என்ற டாக்டருக்கும் சிறுவயதில் தாயார் இதே எச்சரிக்கையைச் சொன்னார். அவர் 50 ஆண்டுகள் இடது கை விரல்களை மட்டும் தினமும் இரு தடவையாவது முறித்துவந்தார். 1998இல் முடிவை எழுதினார்: இரு கைகளிலும் மூட்டுவாதம் இல்லை! ஒருவரின் அனுபவம் சான்றாகாது என்பீர்கள். 2011இல் 215 பேரை வைத்து வெளியான ஆய்விலும், முறிப்பவருக்கும் முறிக்காதவருக்கும் இதில் வேறுபாடு காணப்படவில்லை.

ஆனால் இரண்டு விடயங்களில் கவனம் தேவை.

ஒன்று, வலி. காலையில் எழுந்ததும் விரல்கள் வீங்கி, அரை மணிக்கு மேல் விறைத்திருந்தால், “சின்ன வயதில் நெட்டி முறித்த வினை” என்று பொறுத்துக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருக்காதீர்கள். முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. காலத்தோடு மருந்து எடுத்தால் விரல்கள் கோணாமல் காக்கலாம். கண்டி தேசிய வைத்தியசாலையிலோ பேராதனை போதனா வைத்தியசாலையிலோ இலவசமாகவே காட்டலாம்.

இரண்டு, கழுத்து. சலூனில் தலையைப் பிடித்துச் ‘சடக்’கென்று திருப்பி விடுவதை ஆண்கள் சுகமென்று நினைக்கிறார்கள். மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் கழுத்துக்குள்தான் போகின்றன. அவை கிழிந்தால் பாரிசவாதம் வரலாம். 2017இல் டில்லிப் பகுதியில் இப்படிக் கழுத்தைத் திருப்பிய ஒருவருக்கு மூச்சுக்கான நரம்பு பாதிக்கப்பட்டுச் சுவாசமே சிரமமான செய்தி வந்தது. கணவருக்கும் மகன்மாருக்கும் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

தொழுகையில் விரல் முறிப்பது மக்ரூஹ். தன்னருகே தொழுதவர் அப்படிச் செய்ததை இப்னு அப்பாஸ் (ரலி) கண்டித்ததாக அறிவிப்பு உண்டு. அங்கே காரணம் உள்ளச்சம், நோயல்ல. ஆகவே தொழுகையிலும் சபையிலும் முறிக்க வேண்டாமென்று பிள்ளைக்கு ஒழுக்கமாகச் சொல்லிக்கொடுங்கள். கை முடங்கும் என்று பொய்ப் பயம் காட்டாதீர்கள். ஒரு பயம் பொய்யென்று கண்ட பிள்ளை, நாம் சொல்லும் மெய்யான எச்சரிக்கையையும் தட்டிவிடும்.