கதைக்கும் கணக்கு உண்டு

சிறுவர்களின் பொழுதை ஆட்கொள்வனவற்றுள் தொலைக்காட்சியும் ஒன்று என்பதை மறுப்பார் இலர். கதையில் ஏதேனும் முரண்பாடு கண்டு பிள்ளைகள் வினவினால், “கதைதானே, கேள்வி எதற்கு?” என்று அவர்கள் வாயை அடைத்துவிடும் பெரியோரும் உளர். இது நமக்கு உடன்பாடன்று. கற்பனைக் கதைக்கும் ஒரு கணக்கு உண்டு. அக்கணக்கைக் கேட்பது அறிவு வளர்ச்சியின் அடையாளமே என்பது நமது துணிபு. இதனை விளக்கக் காலப் பயணத் தொடர் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

பிரிட்டனின் பிபிசி நிறுவனம் 1963ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் ‘டாக்டர் ஹூ’ என்னும் தொடரைத் தொடங்கியது. டாக்டர் என்னும் வேற்றுலகத்தவர், நீல நிறக் காவலர் பெட்டி போலத் தோன்றும் டார்டிஸ் என்னும் கலத்தில் ஏறி, முற்காலத்திற்கும் பிற்காலத்திற்கும் செல்வார். சிறுவர்க்கு வரலாறும் அறிவியலும் புகட்டுவது அதன் தொடக்க நோக்கங்களுள் ஒன்றாகும். 1989இல் நின்று, 2005இல் புத்துயிர் பெற்ற பெருமையும் அதற்கு உண்டு.

ஒரு பெட்டி காலத்தைக் கடந்து செல்வதை நாம் குறை கூறவில்லை. அது புலவனுக்குரிய உரிமை. ஆயினும், “பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்” என்பது நம் முன்னோர் வாக்கன்றோ? இத்தொடரில் பொருந்தாதவை சிலவற்றைக் காண்போம்.

கடலில் மூழ்கியதாகப் பழங்கதை கூறும் அட்லாண்டிஸ் நகரம் இத்தொடரில் மூன்று முறை அழிகிறது! 1967ஆம் ஆண்டுக் கதையில், மதிகெட்ட அறிவியலாளன் ஒருவனால் கடல்நீர் புகுந்து அழிகிறது. 1971இல் வந்த கதையில், அதனை அழித்தது தம் இனமே என்று டீமன் எனப்படும் வேற்றுலகத்தான் கூறுகிறான். 1972இல் வந்த கதையிலோ, குரோனோஸ் என்னும் காலப் பூதம் அதனை அழிக்கிறது. பின்னிரண்டு கதைகளையும் எழுதியதில் ராபர்ட் ஸ்லோமன் என்னும் ஒரே எழுத்தாளருக்குப் பங்கு உண்டு என்பது வியப்பிலும் வியப்பே!

இனி ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். டாக்டரின் தோழி சாரா ஜேன், தாம் 1980ஆம் ஆண்டைச் சேர்ந்தவர் என 1975இல் வந்த கதையில் கூறுகிறார். அவர் காலத்தில் படைத்தலைவராகப் பணியாற்றியவர் பிரிகேடியர் லெத்பிரிட்ஜ் ஸ்டூவர்ட். ஆனால், அவர் 1976இலேயே ஓய்வு பெற்று, 1977இல் ஒரு பள்ளியில் கணக்காசிரியராக இருந்தார் என்கிறது 1983இல் வந்த கதை. கணக்காசிரியர் பற்றிய கணக்கே தவறிப்போயிற்று!

இவற்றினும் பெரியது விதியில் நேர்ந்த குழப்பம். நடந்த வரலாற்றை மாற்ற இயலாது என்று 1964ஆம் ஆண்டு ஆஸ்டெக் கதையில் டாக்டர் உறுதியாகக் கூறுகிறார். 1975இலோ, தாம் தலையிடாமல் சென்றால் உலகம் பாழாகிவிடும் என்று காட்டுகிறார். சில நிகழ்ச்சிகள் நிலையானவை, ஏனையவை மாறக்கூடியவை என்று 2008ஆம் ஆண்டுப் பொம்பேய் கதை அமைதி கூறுகிறது. எது நிலையானது, எது மாறக்கூடியது என்பதைக் கதாசிரியர் தம் வசதிக்கேற்ப முடிவு செய்தால், அது விதியாகுமா?

இத்தவறுகளுக்குக் காரணமும் இல்லாமலில்லை. எழுதியோர் பலர், ஆண்டுகளும் பல. ஒளிபரப்பியதை வீட்டில் பதிவுசெய்து மீண்டும் பார்க்கும் வசதி அந்நாளில் அரிது. பிபிசி நிறுவனமே பழைய ஒளிநாடாக்கள் பலவற்றை அழித்துவிட்டது. எனினும், பார்ப்பவர் மறந்துவிடுவர் என்று எண்ணுவது அவர்களை மதியாமையே ஆகும்.

விதியைப் போற்றினால் கதை எத்துணைச் சிறக்கும் என்பதற்கும் இத்தொடரிலேயே சான்று உண்டு. டாக்டரின் இனத்தார் 12 முறை மட்டுமே உருமாறிப் பிழைக்கலாம் என 1976இல் ஒரு கதை விதித்தது. 37 ஆண்டுகள் கழித்து, 2013இல் வந்த கதை அவ்விதியை மறக்கவில்லை. உயிர்களெல்லாம் தீர்ந்த நிலையில், முதுமையுற்று, ஓர் ஊரைக் காத்து நின்று, சாவை எதிர்நோக்குகிறார் டாக்டர். தோழி மன்றாடிய பின்னரே அவருடைய இனத்தார் புதிய உயிர்களை அருளுகின்றனர். எல்லை இருந்ததனால் அன்றோ நம் நெஞ்சும் உருகுகிறது?

பெற்றோர்களே! நிறுத்துக் கொடுத்த பாலுக்கும் வெட்டிய குலைக்கும் கூலி பொருந்துகிறதா என்று சம்பளச் சீட்டைச் சரிபார்ப்பவர் தாங்கள். “நேற்று ஒன்று சொன்னார்கள், இன்று வேறொன்று சொல்கிறார்களே?” என்று தங்கள் பிள்ளை கேட்பதும் அத்தகைய சரிபார்ப்பே. அதனை அடக்கினால், நாளை விளம்பரக்காரனும் வீண்வதந்தி பரப்புவோனும் சொல்வதையெல்லாம் அப்பிள்ளை நம்பக்கூடும். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவர்க்கு மதி வேண்டாமா?

மாணவச் செல்வங்களே! கதைகளைக் கண்டு மகிழுங்கள். அறிவையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். முரண்பாடு கண்டால் ஏட்டில் குறித்துவைத்து, ஆசிரியரோடும் நண்பரோடும் உரையாடுங்கள். நீங்கள் கதை எழுதும்போது, முதற் பக்கத்தில் கொடுத்த வாக்கைக் கடைசிப் பக்கம் வரை காத்து நில்லுங்கள். கேள்வி கேட்கும் தலைமுறையே நம் சமுதாயத்தை ஏமாறாமல் காக்கும்.