வறட்சி ஆண்டின் டெங்கு

டெங்கு என்றால் ஐப்பசி, கார்த்திகை என்று நம் சுகாதாரத் துறையில் ஒரு கணக்கு ஊறிப்போயிருக்கிறது. மழைக்கு முன் ஆலோசனைக் கூட்டம், மழையோடு புகைமருந்து, தை பிறந்தால் வேகம் தணியும். 2017 இந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை.

2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 விழுக்காடு குறைந்தது. அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. வைகை அணை வறண்டு, மதுரையில் குடிநீருக்குத் தவம் கிடந்தார்கள். அதே 2017-இல்தான் மாநிலத்தில் டெங்கு பாதிப்பு 23,000-ஐத் தாண்டி, 65 உயிர்கள் போயின. பின்னர் பெய்த மழைக்கும் அதில் பங்குண்டு. ஆனால் கொசுவுக்கு வீட்டுக்குள் இடம் கொடுத்தது தண்ணீர்ப் பஞ்சம்.

குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று தெரியாத சந்துகளில் நீல டிரம், சிமென்ட் தொட்டி, மூடி உடைந்த சின்டெக்ஸ் எல்லாம் நிரம்பி நிற்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் முட்டையிடுகிறது. தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாது. மறுபடி நிரப்பினால் ஒரு வாரம், பத்து நாளில் கொசு பறக்கும். ஆகவே கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரை நார் போட்டுத் தேய்க்க வேண்டும். குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கிய தண்ணீரை வாரா வாரம் கொட்டச் சொன்னால் எந்தக் குடும்பத்துக்கு மனம் வரும்? இறுக்கமான மூடியும் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தும் அங்கே கூடுதலாகப் பலிக்கும்.

வறட்சி வருமானத்திலும் கைவைக்கிறது. பெரியாறு கால்வாயில் தண்ணீர் வராவிட்டால் மேலூர்ப் பக்கம் நடவு இல்லை, களையெடுப்பு இல்லை, கூலி இல்லை. அந்த நேரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் தெருமுனை கிளினிக், ரத்தப் பரிசோதனை. ரத்தத் தட்டணு இறங்கியபின் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. அங்கே சிகிச்சை இலவசம்தான். துணைக்கு இருக்கும் தாயின் கூலியும் ஆட்டோ வாடகையும் முதலமைச்சர் காப்பீட்டில் வராது. தோடு அடகுக்கடைக்குப் போகும், அதுவும் இல்லாதவர் தண்டல்காரரிடம் போவார். மதுரையில் வேர்கொண்ட களஞ்சியம் குழுக்களைப் போன்ற பெண்களின் சேமிப்பு, தண்டல் வட்டியிலிருந்து காக்கும் ஓர் அரண்.

காய்ச்சல் கணக்கெடுப்புப் படிவத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்க்கலாம்: வீட்டுக்கு எத்தனை நாளுக்கொருமுறை தண்ணீர் வருகிறது, இந்தக் காய்ச்சலுக்காகக் கடன் வாங்கினார்களா. குடிநீர் இடைவெளியை மாநகராட்சி நீட்டிக்கும் அன்றே அந்த வார்டின் சுகாதார ஆய்வாளருக்குத் தகவல் போனால், சித்திரையிலேயே தொட்டிகளைப் பார்க்கத் தொடங்கிவிடலாம்.